ஹடப்சர்: பங்கு கேட்ட மண்

வாள் பிடித்த சர்தார்கள், சர்க்கரை ஆலை கட்டிய தலைவர்கள், நிலத்தைக் கம்பெனியாக்கிய குடும்பங்கள்… புனேயின் கிழக்கு வாசலில் இருக்கும் ஒரு செழித்த விவசாயப் பகுதி இருநூறு ஆண்டுகளில் கண்ட அரசியல் இது. நிலம் இழக்கும் ஒவ்வொரு தமிழக கிராமத்துக்கும் இதில் பாடம் இருக்கிறது.

ஆஷாட ஏகாதசிக்காகப் பண்டரிபுரம் நோக்கிப் புறப்படும் இரண்டு பெரும் பல்லக்குகள், புனே நகரைக் கடந்ததும் ஹடப்சரில் பிரிகின்றன. ஞானேஸ்வரரின் பல்லக்கு திவே கணவாய் ஏறி சாஸ்வட் ஊருக்குப் போகிறது. துக்காராமின் பல்லக்கு சோலாப்பூர் நெடுஞ்சாலையிலேயே தொடர்ந்து லோணி காள்போரில் தங்குகிறது. கூடவே நடக்கும் வாரகரிகளில், அதாவது பாதயாத்திரை பக்தர்களில், பெரும்பாலோர் விவசாயிகள். மழைக்கால விதைப்பை முடித்துவிட்டோ, வீட்டில் உள்ளவர்களிடம் ஒப்படைத்துவிட்டோ வந்தவர்கள். அவர்களுடைய தாத்தாக்கள் இதே சாலையில் நடந்தபோது இருபுறமும் கரும்பும் காய்கறியும் இருந்தன. இன்று ஐ.டி. கோபுரங்களும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. உலகின் பல நாடுகளுக்குத் தடுப்பூசி அனுப்பும் சீரம் இன்ஸ்டிட்யூட்டும் 1966-ல் இங்கேதான் தொடங்கப்பட்டது.

சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வேலைக்கு வந்த தமிழ் இளைஞர்கள் பலருக்கு ஹடப்சர் என்றால் மகர்பட்டா ஐ.டி. வளாகமும் போக்குவரத்து நெரிசலும்தான். ஆனால், இந்த மண்ணில் ஒரு பேரரசே உடைந்திருக்கிறது. விளைச்சலில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்விதான் இங்கே ஒவ்வொரு காலத்திலும் ஆட்சியைத் தீர்மானித்தது. அந்தக் கேள்விக்கு உழுதவன் பதில் சொன்ன தருணங்கள் மிகச் சில. அவற்றில் ஒன்று ஹடப்சரில் நடந்தது.

வாள் பிடித்த பிரபுக்கள்

புனே, சிவாஜியின் தந்தை ஷாஹாஜி போன்ஸ்லேயின் ஜாகீர். மூத்த மனைவியின் மகன் சிவாஜி புனேயில் வளர்ந்தார். இளைய மனைவியின் மகன் வெங்கோஜி, நம் காவிரிக் கரைக்கு வந்து தஞ்சையைப் பிடித்தார். 1677-ல் தெற்கே படையெடுத்து வந்த சிவாஜி, கொள்ளிடக் கரையில் திருமழபாடியில் தம்பியைச் சந்தித்துத் தந்தையின் சொத்தில் பங்கு கேட்டார். மராத்தியர் வரலாற்றில் தக்காணத்தின் கரிசல் காடும் தஞ்சையின் நெல் வயலும் இப்படி ஒரே குடும்பத்தின் பாகப்பிரிவினைக்குள் வந்தன.

நூறாண்டு கழிந்தபோது சிவாஜி எழுப்பிய அரசு, பல பிரபுக்களின் கூட்டாகியிருந்தது. புனேயில் தலைமை அமைச்சரான பேஷ்வா, குவாலியரில் சிந்தியா, இந்தோரில் ஹோல்கர், பரோடாவில் கெய்க்வாட், நாக்பூரில் போன்ஸ்லே. படை வைத்துக்கொள்வதற்காக ஒரு சர்தாருக்கு இத்தனை கிராமங்களின் வரி என்று எழுதிக் கொடுப்பது சரஞ்சாம். பிறர் ஆளும் பகுதியிலிருந்து வருவாயில் நான்கில் ஒரு பங்கை வாங்குவது சௌத். அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு சர்தேஷ்முகி. குதிரையும் பீரங்கியும் தின்றதெல்லாம் உழவனின் களத்துமேட்டிலிருந்து போனதுதான்.

1800 மார்ச் மாதம் நானா பட்னாவிஸ் இறந்தார். பிரபுக்களை ஒரு கணக்குக்குள் பிடித்து வைத்திருந்த கடைசி மனிதர் அவர். பேஷ்வா இரண்டாம் பாஜிராவ், தௌலத்ராவ் சிந்தியாவின் பக்கம் சாய்ந்தார். அதற்கு முன்பே ஹோல்கர் குடும்பத்தில் வாரிசுச் சண்டை மூண்டிருந்தது. 1797-ல் சிந்தியாவின் படை மல்ஹர்ராவ் ஹோல்கரைப் புனேயில் கொன்றது. 1801-ல் இன்னொரு சகோதரர் விட்டோஜியைப் பிடித்த பாஜிராவ், யானையின் காலில் கட்டிக் கொல்ல உத்தரவிட்டார். இவ்விருவரின் சகோதரரான யஷ்வந்த்ராவ் ஹோல்கர் படையோடு புனே நோக்கிக் கிளம்பினார்.

1802 அக்டோபர் 25. தீபாவளி நேரம். ஹடப்சர் சமவெளியில் பேஷ்வா, சிந்தியா இருவரின் கூட்டுப் படையும் ஹோல்கர் படையும் மோதின. சிந்தியாவின் தரப்பில் ஐரோப்பிய அதிகாரிகளின் கீழ் பயிற்சி பெற்ற காலாட்படை உறுதியாக நின்றது. தன் குதிரைப்படை தளர்வதைக் கண்ட யஷ்வந்த்ராவ், தானே முன்னால் பாய்ந்து போரின் திசையைத் திருப்பினார். பாஜிராவ் புனேயை விட்டு ஓடி, கொங்கணக் கரையில் ஆங்கிலேயரிடம் அடைக்கலம் புகுந்தார்.

அதே ஆண்டு டிசம்பர் 31-ல் வசாயில் ஒப்பந்தம் கையெழுத்தானது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறாயிரம் சிப்பாய்களைப் பேஷ்வா தன் நாட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அதன் செலவுக்கு ஆண்டுக்கு 26 லட்சம் ரூபாய் வருவாய் தரும் நிலப்பகுதிகளைக் கொடுத்துவிட வேண்டும். பங்காளிச் சண்டையில் தோற்றவர், தன் பதவியைக் காப்பாற்றிக்கொள்ள குடிகளின் விளைச்சலை அடகு வைத்தார். மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1799 அக்டோபரில், தஞ்சையின் இரண்டாம் சரபோஜியும் தன் நாட்டு நிர்வாகத்தைக் கம்பெனியிடம் ஒப்படைத்து, உதவித்தொகையையும் வருவாயில் ஐந்தில் ஒரு பங்கையும் பெற்றுக்கொண்டார். ஷாஹாஜியின் இரண்டு பிள்ளைகளும் ஊன்றிய இரண்டு வளமான பூமிகளிலும் கம்பெனி நுழைந்தது ஒரே வாசல் வழியாகத்தான்: வாரிசுத் தகராறு.

ஹடப்சரின் விலையை யார் கொடுத்தார்கள்? வென்ற ஹோல்கர் படை புனேயையும் சுற்று வட்டாரத்தையும் சூறையாடியது. மழையும் பொய்த்தது. 1803-04-ல் தக்காணத்தில் கொடும் பஞ்சம் வந்தது. பாஜிராவ் மீண்டும் பட்டமேறினார். 1818-ல் அதையும் இழந்து, எட்டு லட்சம் ரூபாய் பென்ஷனோடு கங்கைக் கரை பிட்டூருக்குப் போய்ச் சேர்ந்தார். பஞ்சத்தில் செத்தவர்களுக்குப் பென்ஷன் இல்லை.

பாட்டீலும் சாவ்காரும்

சர்தார்கள் போன பிறகும் கிராமத்துப் பிரபுத்துவம் போகவில்லை. ஊர்த் தலைமை பாட்டீலிடம், கணக்கு குல்கர்ணியிடம், பல ஊர்கள் சேர்ந்த பர்கணா தேஷ்முக்கிடம். எல்லாமே பரம்பரை உரிமை. இன்று மகாராஷ்டிர அமைச்சரவைப் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் பாட்டீல், தேஷ்முக் என்ற பெயர்கள் அந்தப் பதவிகளிலிருந்து வந்தவையே.

ஆங்கிலேயர் வரியைப் பணமாகக் கேட்டார்கள். விவசாயி, சாவ்கார் எனப்படும் வட்டிக்காரரிடம் போனார். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஏறிய பருத்தி விலை, போர் முடிந்ததும் சரிந்தது. நிலவரியோ உயர்ந்தது. 1875 மே 12-ல் புனே மாவட்டத்தின் சுபே கிராமத்தில் விவசாயிகள் திரண்டு வட்டிக்காரர்களின் கடன் பத்திரங்களைக் கொளுத்தினார்கள். அந்தத் தீ பக்கத்து ஊர்களுக்கும் பரவியது. நான்கு ஆண்டுகளில் அரசு, தக்காண விவசாயிகள் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது.

அந்தக் காலத்தில்தான் ஹடப்சரின் தலையெழுத்தை மாற்றிய தண்ணீர் வந்தது. புனேக்கு மேற்கே முட்டா ஆற்றில் கடக்வாஸ்லா அணை எழுந்தது. அதன் வலதுகரைக் கால்வாய் கிழக்கே ஓடி ஹடப்சர் பக்கத்து நிலங்களை நனைத்தது. சோளமும் கம்பும் விளைந்த இடத்தில் கரும்பும் காய்கறியும் வந்தன. அந்த அணைக்குக் கட்டுமானப் பொருள் கொடுத்த ஒப்பந்தக்காரர்களில் ஒருவர், ஹடப்சரை அடுத்த மாஞ்சரியில் நிலம் வாங்கி விவசாயமும் செய்தார். அவர் ஜோதிராவ் ஃபுலே.

பெண் கல்விக்காக மட்டுமே நம் பாடப்புத்தகங்கள் நினைவில் வைத்திருக்கும் ஃபுலே, 1883-ல் ‘உழவனின் சாட்டை’ என்ற பொருள்படும் நூலை எழுதினார். வரி வாங்கும் அரசு, கணக்கெழுதும் உயர்சாதி அதிகாரி, சடங்குக்குப் பணம் பறிக்கும் புரோகிதர் என்று உழவனின் முதுகில் ஏறியவர்களை ஒவ்வொருவராகக் கூண்டில் ஏற்றினார். மண்ணை அரிப்பிலிருந்து காப்பதற்கும் நீரைத் தேக்குவதற்கும் வழி சொன்னார். உழுபவனுக்குப் படிப்பும் நீரும் கிடைத்தால்தான் பிரபுக்களின் பிடி தளரும் என்பது அவர் வாழ்நாள் முழுவதும் சொன்ன செய்தி.

சர்க்கரை ராஜ்யம்

நீர் வந்தது. கரும்பு வந்தது. லாபம் மட்டும் தனியார் ஆலைக்குப் போனது. அதை மாற்றியது அன்றைய அகமத்நகர் மாவட்டத்தின் லோணி கிராமம். விட்டல்ராவ் விகே பாட்டீல் என்ற விவசாயியும், புனேயின் பொருளாதார அறிஞர் தனஞ்சயராவ் காட்கிலும் சேர்ந்து, விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் பிரவரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைக் கட்டினார்கள். 1950-ன் இறுதியில் அங்கே அரவை தொடங்கியது. வரப்பில் நின்ற மனிதர் ஆலைக்கு உரிமையாளரானார். இந்தியக் கிராமப்புற வரலாற்றில் இது மகத்தான சாதனை. அதில் சந்தேகமே வேண்டாம்.

1960 மே 1-ல் மகாராஷ்டிர மாநிலம் பிறந்தது. முதல் முதல்வர் யஷ்வந்த்ராவ் சவான் கூட்டுறவைத் தூக்கி நிறுத்தினார். மேற்கு மகாராஷ்டிரம் முழுக்க ஆலைகள் எழுந்தன. ஹடப்சருக்குக் கிழக்கே தேவூரில் யஷ்வந்த் கூட்டுறவு ஆலை வந்தது. மாஞ்சரியில், முதல்வராக இருந்த வசந்த்தாதா பாட்டீலின் பெயர் தாங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

இந்த ஆலைகள் எப்படி அரசியல் கோட்டைகளாயின? கரும்பின் இயல்பிலேயே அதற்கு விடை இருக்கிறது. முற்றிய கரும்பைக் காலத்தில் வெட்ட வேண்டும். வெட்டியதை ஏறத்தாழ ஒரு நாளுக்குள் அரைக்க வேண்டும். தாமதித்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் போய்விடும். வெட்டும் ஆட்களையும் வண்டியையும் அனுப்புவது ஆலை. ஆகவே யார் வயலுக்கு முதலில் ஆள் வர வேண்டும் என்று தீர்மானிப்பவர், அந்த வயல்காரரின் ஓராண்டு உழைப்பைக் கையில் வைத்திருப்பவர். ஆலைத் தலைவரை எதிர்த்து ஓட்டுப் போட்டவரின் கரும்பு காட்டிலேயே காயும் என்ற பயமே போதும்.

ஆலையைச் சுற்றி மாவட்டக் கூட்டுறவு வங்கி, பால் சங்கம், பள்ளி, கல்லூரி எல்லாம் வளர்ந்தன. 1983-ல் வசந்த்தாதா பாட்டீல் அரசு தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கு வழிவிட்டதும், சர்க்கரைத் தலைவர்கள் கல்வித் தலைவர்களும் ஆனார்கள். ஆலைத் தலைவர் சட்டமன்றம் போனார், அமைச்சரானார். மகன் வந்தார், பேரன் வந்தார். ஜனநாயகத்தின் ஓட்டுப்பெட்டியிலிருந்தே புதிய ஜாகீர்கள் முளைத்தன.

பிறகு நோய் கண்டது. பல ஆலைகள் கடனில் மூழ்கின. அவற்றுக்குக் கடன் கொடுத்த மாநிலக் கூட்டுறவு வங்கியின் நிர்வாகக் குழு 2011-ல் கலைக்கப்பட்டது. நலிந்த ஆலைகள் குறைந்த விலைக்கு விற்கப்பட்டதாகவும், வாங்கியவர்கள் அரசியல் தொடர்புள்ளவர்கள் என்றும் புகார்கள் எழுந்து, 2019-ல் மும்பை உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் வழக்கு பதிவானது. தேவூர் ஆலை பத்தாண்டுகளுக்கும் மேலாக மூடிக் கிடக்கிறது. பங்கு வாங்கிய விவசாயி கையில் ஒரு காகிதம் மிச்சம்.

கொய்தா பிடித்த கைகள்

இந்தச் செழிப்பைப் பேசும்போது, அதை வெட்டிக் கொடுத்தவர்களை விட்டுவிட முடியாது. ஒவ்வோர் ஆண்டும் அரவைக் காலத்தில் வறண்ட பீட் மாவட்டத்திலிருந்தும் அதன் அண்டைப் பகுதிகளிலிருந்தும் லட்சக்கணக்கானோர் மேற்கு மகாராஷ்டிரத்தின் கரும்புக் காடுகளுக்கு வருகிறார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு ‘கொய்தா’, அதாவது ஓர் அரிவாள். இருவரை ஓர் ஆயுதமாக எண்ணுகிற கணக்கு அது. முன்பணம் வாங்கிவிட்டால் அரவை முடியும்வரை ஒரு நாள் படுத்தாலும் அபராதம்.

2019-ல் மாநில அரசு அமைத்த குழு பீட் மாவட்டத்தில் 82,000-க்கும் மேற்பட்ட கரும்பு வெட்டும் பெண்களிடம் ஆய்வு செய்தது. அவர்களில் 13,000-க்கும் மேற்பட்டோர் கருப்பை அகற்றும் அறுவை சிகிச்சைக்கு உள்ளாகியிருந்தார்கள். மாதவிடாய் நாளில் கூலியை இழக்க முடியாத நிலைமையும், தேவையில்லாமல் கத்தி வைத்த மருத்துவமும் சேர்ந்து செய்த கொடுமை இது. கூட்டுறவு ஆலையில் கரும்பு போடுபவருக்குப் பங்கு உண்டு, ஓட்டு உண்டு. கரும்பு வெட்டுபவருக்கு இரண்டும் இல்லை. சர்தார்களின் காலத்திலிருந்து மாறாமல் வரும் அநீதி இதுதான்.

நிலத்தை விற்காதவர்கள்

எண்பதுகளில் புனே நகரம் கிழக்கே வீங்கியது. ஹடப்சரின் வயல்கள் வருங்கால நகரப் பகுதியாக வரைபடத்தில் குறிக்கப்பட்டன. நகர நில உச்சவரம்புச் சட்டம் ஒருபக்கம் அச்சுறுத்தியது. தரகர்கள் மறுபக்கம் கதவைத் தட்டினார்கள். அக்கம்பக்கத்தில் நிலம் விற்றவர்களின் கதி கண்ணெதிரே தெரிந்தது. கையில் வந்த பணம் வண்டியாகவும் வீடாகவும் கல்யாணமாகவும் கரைந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரராக இருந்தவர், அதே நிலத்தில் எழுந்த கட்டடத்துக்குக் காவலாளியாக நின்றார்.

மகர் குலத்தாரின் வயல்கள் இருந்த பகுதி மகர்பட்டா. வேளாண் பட்டதாரியான சதீஷ் மகர் 1993 வாக்கில் தன் உறவினர்களிடமும் அண்டை நிலக்காரர்களிடமும் ஒரு யோசனை சொன்னார். யாரும் தனியாக விற்க வேண்டாம். எல்லோருடைய நிலத்தையும் ஒன்றாக்கி, நாமே ஒரு கம்பெனி தொடங்கி, நாமே ஊரைக் கட்டுவோம். அவரவர் நிலத்தின் அளவுக்கு அவரவருக்குப் பங்கு.

சுமார் 120 குடும்பங்கள் இணைந்தன. 400 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் ஒன்று சேர்ந்தது. வெளியார் நுழைந்துவிடாதபடி பங்குகளைத் தங்களுக்குள் மட்டுமே மாற்றிக்கொள்ள முடியும் என்று கட்டுப்பாடு வைத்தார்கள். தொண்ணூறுகளின் நடுவில் அரசு அனுமதி கிடைத்தது. 2000-ஐ ஒட்டிக் கட்டுமானம் தொடங்கியது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பயிற்சி பெற்று, அதே திட்டத்தில் சிறு சிறு ஒப்பந்ததாரர்களாகவும் தொழில்முனைவோராகவும் ஆனார்கள். இன்று அங்கே வீடுகள், பள்ளி, மருத்துவமனை, பூங்கா, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் ஐ.டி. வளாகம் எல்லாம் இருக்கின்றன. அந்த வாடகையில் முன்னாள் கரும்பு விவசாயிக்குப் பங்கு போகிறது. இதே முறையில் சிங்ககட் சாலையில் சுமார் 700 ஏக்கரில் நாந்தேட் சிட்டி எழுந்தது.

சர்தார் வரியில் பங்கு வாங்கினார். சர்க்கரைத் தலைவர் அரவையில் பங்கு வாங்கினார். முதன்முறையாக, நிலத்தின் மதிப்பு ஏறும்போது அதில் பங்கு வேண்டும் என்று நிலத்துக்காரர்கள் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் இதன் எல்லையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மகர் குலத்தார் சாதாரணக் குடியானவர்கள் மட்டுமே அல்லர். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த அண்ணாசாகேப் மகர் மக்களவை உறுப்பினராக இருந்தவர். பெயருக்கும் செல்வாக்குக்கும் அரசு அலுவலகங்களில் மரியாதை இருந்தது. நிலக்காரர்கள் பெரும்பாலும் ஒரே குலத்தார். ஆகவே நம்பிக்கை எளிதாயிற்று. மிகப் பெரிய பங்கும் தலைமைக் குடும்பத்திடமே இருந்தது. அந்த வயல்களில் களையெடுத்து, நீர் பாய்ச்சி, சுமை தூக்கிய நிலமற்ற கூலிகளின் பெயர் பங்குதாரர் பட்டியலில் ஏறவில்லை. பிரபுக்களின் கையிலிருந்து குடியானவரின் கை வரை வந்த பங்கு, கூலியின் கைக்கு இறங்கவில்லை.

குப்பை மேடும் விமான நிலையமும்

மகர்பட்டாவிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஃபுர்சுங்கியும் உருளி தேவாச்சியும் இருக்கின்றன. தொண்ணூறுகளின் தொடக்கத்திலிருந்து புனே நகரத்தின் குப்பை அங்கே கொட்டப்பட்டு வந்தது. கிணற்று நீர் கெட்டது. கிராம மக்கள் திரும்பத் திரும்பக் குப்பை லாரிகளை மறித்துப் போராடினார்கள். ஒரே கால்வாயை நம்பி வாழ்ந்த பக்கத்துப் பக்கத்து ஊர்களில், சேர்ந்து நிற்கவும் அரசின் கதவைத் தட்டவும் வலு இருந்த ஊருக்குப் பூங்கா வாய்த்தது. வலு இல்லாத ஊருக்குக் குப்பை மேடு வாய்த்தது.

ஞானேஸ்வரரின் பல்லக்கு போகும் அந்த சாஸ்வட் பக்கம் அண்மையில் புதிய போராட்டம் மூண்டது. புரந்தர் வட்டத்தில் ஏழு கிராமங்களின் நிலத்தில் புனேயின் புதிய விமான நிலையத்தைக் கட்ட அரசு முனைகிறது. அந்த ஏழில் ஒன்றான கான்வடி, ஃபுலேயின் முன்னோர் வாழ்ந்த ஊர். 2025 மே மாதம் அதிகாரிகள் நில அளவைக்கு வந்தபோது கிராமத்தாருக்கும் போலீஸாருக்கும் மோதல் ஏற்பட்டது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பரந்தூரில், 5,000 ஏக்கருக்கும் மேல் எடுக்கப்படும் விமான நிலையத்தை எதிர்த்து ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து போராடுவதை நாம் அறிவோம்.

2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டம், பாதிக்கப்பட்ட குடும்பம் என்பதற்குள் நிலமற்ற விவசாயத் தொழிலாளரையும் குத்தகைதாரரையும் சேர்க்கிறது. நகராக்கத் திட்டமென்றால் மேம்படுத்திய நிலத்தில் 20 சதவீதத்தை நிலம் கொடுத்தவர்களுக்கு ஒதுக்கவும் சொல்கிறது. சட்டத்தில் எழுதியிருப்பது மண்ணில் இறங்குவது அரிது. ஆந்திரத்தின் அமராவதியில் 30,000 ஏக்கருக்கும் மேல் நிலத்தை நம்பிக் கொடுத்த விவசாயிகள், 2019-ல் ஆட்சி மாறியதும் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். அரசின் வாக்குறுதியை மட்டும் நம்பிக் கொடுப்பதற்கும், தாங்களே பங்குதாரர்களாக இருந்து கட்டுவதற்கும் உள்ள வேறுபாடு அங்கே வெட்டவெளிச்சமானது.

ஹடப்சரின் இருநூறு ஆண்டுகள் சொல்லும் தீர்ப்பு இது. விளைச்சலின் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ, அவர்தான் பிரபு. பிரபுக்களின் பெயரும் உடையும் மாறும். கணக்கு மாறாதவரை உழுபவரின் நிலை மாறாது. மகர்பட்டாவின் விவசாயிகள் அந்தப் புத்தகத்தைத் தங்கள் கைக்கு மாற்றிக் காட்டினார்கள். ஆனால், அதில் கூலிக்கு ஒரு பக்கம் ஒதுக்கத் தவறினார்கள்.

நிலம் கேட்டு நம் ஊருக்கு யாராவது வந்தால், நாம் முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல. வேண்டாம் என்று சொல்லும் உரிமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. தரச் சம்மதித்தால், தனித்தனியாகப் பத்திரப் பதிவு அலுவலகத்துக்குப் போகக் கூடாது. ஊராக உட்கார்ந்து, நிலத்தின் நாளைய மதிப்பில் பங்கு கேட்க வேண்டும். அந்தப் பட்டியலில் பட்டா வைத்திருப்பவரின் பெயருக்குப் பக்கத்திலேயே, அந்த நிலத்தில் உழைத்தவரின் பெயரும் எழுதப்பட வேண்டும். அரசுகள் இதைச் சட்டமாக்கட்டும். அதுவரை, கிராம சபைகள் இதைத் தீர்மானமாக்கட்டும்.